தெருவில் எடுத்த பெட்டைக் குட்டிக்கு வேலூரில் வீடு பிடித்த விதம்

காட்பாடி காந்தி நகர்ப் பக்கம் கால்வாய் ஓரத்தில் எடுத்த பழுப்பு நிறப் பெட்டைக் குட்டி இப்போது பாகாயம் பக்கத்தில் ஒரு வீட்டு நாய். தடுப்பூசி வரிசை முடிந்தது, கருத்தடையும் முடிந்தது. வேலை எந்த வரிசையில் போனது, எங்கே சிக்கும், எவ்வளவு செலவாகும் என்பது இதில் இருக்கிறது. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று நிற்பவர்களுக்காக எழுதியது.

முதலில் எடுக்கலாமா என்பதையே பார்க்க வேண்டும். குட்டி தனியாக நிற்பதாலேயே அநாதை ஆகிவிடாது. தாய் இரை தேடிப் போனால் திரும்பிவர நேரமாகும். வண்டி மோதும் இடமாக இல்லாவிட்டால், தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் கவனிக்கலாம். தாய் வந்து பால் கொடுத்தால், குட்டிக்கு எட்டு வாரம் ஆகும்வரை அங்கேயே விட்டு, தாய்க்குச் சோறு வைப்பதுதான் நல்லது. எட்டு வாரத்துக்கு முன்பே பிரிக்கிற குட்டி கடிக்கும் வேகத்தை அடக்கக் கற்றிருக்காது. பிறகு அதை வளர்க்கிற வீட்டுக்குத்தான் சிரமம்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். மூன்று நான்கு வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். எட்டு வாரத்துக்குள் 28 பால் பற்களும் வந்திருக்கும். முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைத்தால் மூன்று மாதம் தாண்டிவிட்டது. இந்தக் குட்டிக்குப் பால் பற்கள் முழுதாக இருந்தன, ஒன்றும் விழவில்லை. எட்டு ஒன்பது வாரம் என்று கணக்கு வைத்தோம். எடை 2.3 கிலோ. எடை பார்க்க மீன் கடையில் தொங்கவிடுகிற மாதிரி டிஜிட்டல் தராசு ஒன்றும் ஒரு துணிப்பையும் போதும், முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எந்த மருந்தும் எடைக்குத்தான் அளவு. கண்ணால் மதித்து மருந்து கொடுக்கக் கூடாது.

அடுத்தது வெப்பம். ஆசனவாய் வழியாகப் பார்த்தால் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். 99-க்குக் கீழே போன குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு. குளிர்ந்த உடம்புக்குச் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கிறது, அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்ணி விஷயத்தில்தான் நம் பக்கத்தில் அதிகக் குட்டிகள் வீணாகச் சாகின்றன. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து வீட்டில் மிச்சமிருக்கும், அதைக் குட்டி மேல் ஊற்றிவிடுவார்கள். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவுகிறவர்களும் உண்டு. இரண்டுமே குட்டிக்கு விஷம்: எச்சில் ஒழுகும், நடுக்கம் வரும், வலிப்பு வரும். நெருக்கமான பல் உள்ள சீப்பு, ஒரு சாமணம், சோப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், முதல் நாளுக்கு இவை போதும். பிடுங்கிய உண்ணியை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடவும். காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும்தான் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தை எட்டு வாரம் கடந்த பிறகு, எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்கலாம்.

பதினான்கு நாள் தனியாக

வீட்டில் வேறு நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்த குட்டியை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். காரணம் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில், சில சமயம் இரண்டு வாரத்தில், வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வெளிப்படும். வெளியே நன்றாகத் தெரிகிற குட்டியை மூன்றாம் நாளே ஒரு குடும்பத்திடம் கொடுத்து, அது அவர்கள் மடியில் சாவதைவிடக் கொடுமை இந்த வேலையில் கிடையாது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு தெருக்குட்டியே எடுக்காது. அந்த வீட்டுத் தரையிலும் மண்ணிலும் கிருமி மாதக்கணக்கில் இருக்கும்.

இடம் பெரிதாக வேண்டாம். பயன்படுத்தாத குளியலறை அல்லது வராந்தாவில் ஆறடிக்கு நாலடி மறைத்தாலும் போதும். தரை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், மண்தரை ஆகாது. ஒரு மூலையில் சணல் சாக்கும் பழைய நூல் சேலையும், எதிர் மூலையில் செய்தித்தாள், நடுவில் கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். செய்தித்தாள் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் குட்டி பழகாது, தள்ளியே இருக்கட்டும்.

தரை கழுவ பினாயில் பயன்படாது, பார்வோ கிருமி அதற்குச் சாகாது. ப்ளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. முதலில் மலத்தை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு இந்தக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது. கரைசலை அன்றன்று கலக்கவும், திறந்து வைத்த பவுடர் வீரியம் போய்விடும். குட்டியை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யவும். அந்த அறைக்கென்று தனிச் செருப்பு ஒரு ஜோடி.

குடற்புழு மருந்து முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ, எடைக்கு ஏற்ற அளவில். திரவ மருந்து சிறிய பாட்டில் நூறு ரூபாய்ப் பக்கம். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் நூல் போலப் புழு வந்தால் பதற வேண்டாம், அது வெளியேறுகிறது.

சாப்பாட்டில் நம் ஊர்ப் பழக்கம் பசும்பாலும் பிஸ்கட்டும். பால் பெரும்பாலான குட்டிகளுக்குக் கழிச்சலைத்தான் தரும். அதைப் பார்வோ என்று நினைத்துப் பயப்படுவதும், பார்வோவைப் பால் கழிச்சல் என்று நினைத்து விட்டுவிடுவதும் இரண்டும் நடக்கும். குழைய வேகவைத்த சோறு, எலும்பில்லாத கோழி, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், ஒரு வேளைக்கு அவித்த முட்டையில் பாதி. உப்பு, காரம், வெங்காயம், பூண்டு கூடாது. வெறும் தயிர்ச்சோற்றில் வளர்கிற குட்டிக்கு இரண்டு மாதத்தில் முன்னங்கால் வளையத் தொடங்கும். வீட்டுச் சாப்பாடே கொடுப்பதானால் கால்சியம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குட்டிகளுக்கான உலர் தீவனத்தை ஊறவைத்துப் பாதிக்குப் பாதி கலக்கலாம். நாளைக்கு நாலு வேளை. வாரத்துக்கு 200 முதல் 400 கிராம் எடை ஏறினால் சரியாக வளர்கிறது. எடை ஒரே இடத்தில் நின்றால் புழுவா, உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும்.

தடுப்பூசியை உடம்பு தேறி, புழு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போடலாம். பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்ந்த கூட்டு ஊசி ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, கடைசி ஊசி பதினாறு வாரத்தை எட்டிய பிறகு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும். அதனால் ஒரே ஊசியோடு 'தடுப்பூசி போட்டாச்சு' என்று சொல்லிக் கொடுப்பது சரியல்ல. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்றாம் மாதம், ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தனியார் கிளினிக்கில் கூட்டு ஊசி ஒன்றுக்கு ஐந்நூறு முதல் எண்ணூறு, ரேபிஸ் ஊசிக்கு இருநூறு முந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. மருந்துக் கடையில் வாங்கி வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் அது வெறும் தண்ணீருக்குச் சமம். கிளினிக்கிலேயே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள், குப்பி மேல் உள்ள ஒட்டுச்சீட்டை அட்டையில் ஒட்டி வாங்குங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் குட்டி சும்மா இருக்கக் கூடாது. மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை எதைப் பார்க்கிறதோ அதற்கெல்லாம் பெரிதானபின் பயப்படாது. குக்கர் விசில், மிக்சி, துடைப்பம், குழந்தைச் சத்தம், தலைக்கவசம் போட்ட ஆள் எல்லாவற்றையும் தள்ளியிருந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கோழி. தெருவில் தரையில் விட முடியாது, ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கலாம். பத்து நிமிடம் தனியாக இருக்கப் பழக்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. புதுவீட்டில் முதல் இரவு குட்டி ஓயாமல் கத்துவதற்கு இதுவே பாதிக் காரணம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் செய்தித்தாளில் விட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அங்கேயே போகும்.

விளம்பரமும் வடிகட்டுவதும்

படம் காலை வெளிச்சத்தில், குட்டியின் கண் மட்டத்தில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஒரு படத்தில் ஆள் கை இருக்கட்டும், அளவு தெரியும். அரை நிமிட வீடியோ ஒன்று: நடப்பது, சாப்பிடுவது, கூப்பிட்டால் வருவது. எழுத்தில் பாலினம், வயது, எடை, போட்ட ஊசிகள், இருக்கும் ஊர். கூடவே வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதும் வேண்டும். நாட்டு நாய்ப் பெட்டை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ. 'இலவசம்' என்ற சொல் வேண்டாம், 'அவசரம்' என்பதும் வேண்டாம். அந்த இரண்டையும் பார்த்து வருகிறவர்கள் யோசிக்காமல் வருகிறார்கள். போட வேண்டிய இடம் தெரு வாட்ஸ்அப் குழு, கால்நடை கிளினிக் சுவர், நாய்த் தீவனக் கடை, சிகிச்சைக்கு வருகிறவர்களை அறிந்த மருத்துவரின் வாய்ச்சொல். கடைசியாகச் சொன்னதில்தான் நல்ல வீடு கிடைக்கிறது.

படம் போனதும் முதல் கேள்வி 'ஆணா, பொட்டையா?' பெட்டை என்றதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். சுற்றி வளைக்காமல் நேராகப் பேச வேண்டிய இடம் இது. பருவம் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை வரும், ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் வரை நீடிக்கும், இரத்தக்கசிவு இருக்கும், தெரு ஆண் நாய்கள் வாசலில் கூடும். கருத்தடை செய்துவிட்டால் இது எதுவுமே கிடையாது. அறுவையை எங்கே செய்வது, எவ்வளவு ஆகும், எந்த மாதம் என்பதை அப்போதே சொல்லிவிட்டால் தயங்கியவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். தனியாரிடம் பெட்டைக்கு நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை ஆகலாம். அதில் பாதியை எடுத்தவரே ஏற்றால் நம்பிக்கை கூடும்.

வருகிறவர்களை இந்த ஊருக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும். காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் கல்லூரி மாணவர்கள்தான் முதலில் கேட்பார்கள். பாசம் உண்மைதான், ஆனால் மே மாத விடுமுறையில் குட்டி எங்கே போகும் என்பதற்குப் பதில் இருக்காது. பெற்றோரிடம் போனில் பேசி அவர்கள் சம்மதிக்காவிட்டால் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பதியர் நல்ல வீடாக அமையலாம், இருவர் ஷிப்டும் ஒன்றாக விழாமல் இருந்தால். சிகிச்சைக்காக வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் மனசு கேட்காமல் கேட்பார்கள், அவர்களிடம் மென்மையாக மறுத்துவிட வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷெட்டுக் காவலுக்குக் குட்டி வேண்டும் என்று வரும் கேள்விகளுக்கு எங்கள் பதில் இல்லை என்பதுதான். இரண்டு மாதக் குட்டியை ஷெட்டில் கட்டினால் அதற்கு மனிதரும் கிடையாது, தண்ணீரும் நிச்சயமில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து நிலத்து வீடுகளில் அருமையானவை உண்டு. அங்கே கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருக்கிறதா, இரவில் குட்டி எங்கே படுக்கும் என்று கேட்க வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோர ஊர்களில் சிறுத்தை இறங்கும். வெளியே கட்டிய குட்டி அதற்கு எளிய இரை. இரவு வீட்டுக்குள் படுக்கும் என்றால் மட்டுமே கொடுக்கலாம்.

எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஒன்று: இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? 'வண்டியில அடிபட்டுடுச்சு' என்றால் கேட் பற்றிப் பேச வேண்டும். 'தொலைஞ்சுபோச்சு', 'தோப்புல விட்டுட்டோம்' என்று இரண்டு மூன்று நாய்க்கும் அதே பதில் வந்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமே பேச வேண்டும். வீட்டில் உள்ள பெரியம்மாவோ மாமியாரோ பகலில் குட்டியோடு இருக்கப்போகிறவர் என்றால், அவர் சம்மதம்தான் முக்கியம், கேட்டு வந்த பையனுடையது இரண்டாவது.

வீட்டைப் போய்ப் பார்க்காமல் கொடுப்பது கிடையாது. கையில் ஒரு டேப் போதும். கேட் கம்பிகளுக்கு நடுவே 8 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் இந்த வயதுக் குட்டி நுழைந்து வெளியேறிவிடும். அடியில் இரண்டடி உயரத்துக்குக் கோழிவலை கட்டினால் தீர்ந்தது, வலை மீட்டர் கணக்கில் மலிவாகவே கிடைக்கும். சம்ப் மூடி, எலி மருந்து வைக்கும் மூலை, வாசலில் அரளிச் செடி இவற்றைப் பார்க்க வேண்டும். 'மாடியில விட்டுடுவோம்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் இங்கே மொட்டைமாடித் தரையில் மனிதரே கால் வைக்க முடியாது.

பாகாயம் வீடு அமைந்ததற்குக் காரணம் ஓய்வுபெற்ற தம்பதியர் பகல் முழுக்க வீட்டில் இருப்பது, கேட்டுக்கு அவர்களே வலை கட்டியது, கருத்தடைத் தேதியை அவர்களே கேட்டுக் குறித்துக்கொண்டது. அழகான பங்களாவோடு வந்த இன்னொரு கேள்வியை விட்டது, அங்கே வேலையாள் மட்டுமே குட்டியைப் பார்ப்பார் என்பதால்.

கொடுக்கும் நாளும் பிறகும்

காலையில் கொடுக்க வேண்டும், மாலையில் வேண்டாம். பகல் முழுக்க இடத்தை மோந்து பார்த்துப் பழகினால் இரவு அழுகை குறையும். தீபாவளி வாரத்தில் கொடுப்பதில்லை. கிராமமென்றால் மாடு விடும் விழா நாளையும் கேட்டுத் தள்ளிப் போடலாம். பயணத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு நிறுத்தினால் ஆட்டோவில் வாந்தி வராது. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து மடியில் வைத்துப் போகலாம். பைக்கில் பைக்குள் போட்டுக் கொண்டுபோகவே கூடாது.

கூடக் கொடுத்தவை: தடுப்பூசி அட்டை, ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டுப் பழகிய தீவனம், படுத்திருந்த துணி துவைக்காமல், தொலைபேசி எண் எழுதிய கழுத்துப் பட்டை. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், வாரம் ஒரு முறை தளர்த்த வேண்டும். வளர்கிற குட்டியின் கழுத்தில் பட்டை வெட்டிப் புண்ணாகிப் புழு வைப்பதை இங்கே அடிக்கடி பார்க்கலாம்.

ஒரு பக்க ஒப்பந்தம்: முகவரி, அடையாள அட்டை நகல், மீதி ஊசித் தேதிகள், கருத்தடை மாதம், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி நாயைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறது. எழுதியதைவிட வாய்விட்டுச் சொல்வது வேலை செய்யும்: 'எப்ப வேணும்னாலும் திருப்பிக் கொடுங்க, ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம்.' இதைச் சொல்லாத இடத்தில்தான் குட்டி இரவோடு இரவாகப் பாலாற்றங்கரையில் இறக்கிவிடப்படுகிறது.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பேசினால் சிக்கல் முளையிலேயே தெரியும். முதல் வாரம் கழிச்சல் என்பார்கள், பெரும்பாலும் யாரோ பால் வைத்திருப்பார்கள். அதோடு வாந்தியோ இரத்தமோ சோர்வோ இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாலாம் மாதம் பல் விழும்போது செருப்பு, மேசைக்கால், கை எல்லாவற்றையும் கடிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறு வலி தணியும். குட்டிகள் திரும்பி வருவது அதிகமாக இந்த மாதத்தில்தான், ஆகவே இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். விளையாட்டில் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், குட்டிக்கு ஊசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள்.

அடுத்த குட்டிக்கு இரண்டை மாற்றுகிறோம். படத்தை முதல் ஊசிக்குப் பின் போடாமல் இரண்டாவது ஊசிக்குப் பின்தான் வெளியிடுவது. முன்பே போட்டால் 'இன்னைக்கே வந்து எடுத்துக்கிறோம்' என்கிறவர்களைத் தள்ளிப்போடுவதிலேயே நேரம் போகிறது. இரண்டாவது, குட்டியோடு தாயையும் கணக்கில் சேர்ப்பது. தாய் கருத்தடை ஆகாமல் அதே கால்வாய் ஓரத்தில் இருந்தால் சில மாதத்தில் அடுத்த ஈற்று வரும். சினைக்காலம் 63 நாள்தான். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, பிடித்த நாயை அறுவைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆகவே தாய்க்குச் சோறு வைப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு அவரையே துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கருத்தடைக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குப் பின் சாப்பாடு கிடையாது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். வீடு வந்ததும் தையலை நக்காமல் இருக்கக் கூம்புப் பட்டை, அல்லது பழைய குழந்தை டி-சர்ட்டை வால் பக்கம் முடிச்சுப் போட்டு மாட்டலாம். பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறவிடக் கூடாது. தையல் பிரித்த அன்று அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம், அனுப்பினார்கள். அன்றைய எடை 11 கிலோ.